சந்துக்கு ஏற்ற மழைக்காட்டு மரம்

திருப்பதியில் மனை வாங்குவது அங்கணம் என்ற உள்ளூர் அளவுக் கணக்கில். வீடு, கார் நிறுத்த இடம், சம்ப், போர், மாடிப்படி எல்லாம் போனபிறகு மண் என்று மிஞ்சுவது வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். நாலடி, அதிகம் போனால் ஆறடி. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாடி எழுப்பியிருப்பார். காலையில் கொஞ்ச நேரம் வெயில் எட்டிப் பார்க்கும், அப்புறம் நாள் முழுக்க நிழல். "அந்தச் சந்தில் என்ன மரம் வைக்கலாம், அக்கா?" என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர்கள் குறைவு. சித்தூரிலிருந்தும் இதே கேள்வி போனில் வரும்.

செம்பருத்தி வைத்தால் வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்கும், பூ பேருக்கு ஒன்றிரண்டு. ரோஜாவுக்கு அந்த இடம் சரிப்படவே படாது. வேம்பும் புங்கனும் தங்கமான மரங்கள்தான், சந்துக்குள் அடங்காது. சீக்கிரம் மறைப்பு வேண்டும் என்றால் நர்சரியில் கோனோகார்பஸைக் காட்டுவார்கள். குஜராத் அரசு 2023-ல் அதை நடக் கூடாது என்றே உத்தரவு போட்டுவிட்டது. நம் ஊரில் புது லேஅவுட் வாசல்களில் இன்னும் வரிசையாக நிற்கிறது.

இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் பட்டை மரம். பிரியாணிக்குப் போடுகிறோமே, அந்த லவங்கப்பட்டையின் மரம்தான். "நம்ம ஊர் வெயிலில் கேரளா மரமா?" என்று உடனே அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதிவு.

மரத்தின் சொந்த ஊர்

சின்னமோமம் வேரம் என்பது தாவரவியல் பெயர். லாரேசியே குடும்பம். கற்பூர மரம், பட்டர் ஃப்ரூட் என்று நாம் வாங்கும் அவகாடோ, வடக்கிலிருந்து வரும் பிரிஞ்சி இலை, மேல்நாட்டுச் சமையலில் போடும் பே இலை எல்லாம் இந்த ஒரே குடும்பம். பட்டை மரத்தின் பூர்வீகம் இலங்கையின் ஈரக் காடுகள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதுவும் இதன் நெருங்கிய உறவு மரங்களும் இருக்கின்றன. கொழும்பில் இன்று பெரிய பணக்காரர்கள் வசிக்கும் கறுவாத் தோட்டம், பெயருக்கேற்ப ஒரு காலத்தில் பட்டைத் தோட்டமாகவே இருந்தது. காட்டில் வெட்டிக்கொண்டிருந்த பட்டையைத் தோட்டத்தில் வளர்க்க ஆரம்பித்தது டச்சுக்காரர்கள், 18-ஆம் நூற்றாண்டில். நம் பக்கம் ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் கண்ணூர் அருகே அஞ்சரக்கண்டியில் பெரிய தோட்டம் போட்டார்கள்.

சந்துக்கு இதைச் சிபாரிசு செய்யக் காரணம் அந்தக் காட்டில் இதன் இடம். மழைக்காட்டில் மேலே ஓங்கி நிற்கும் பெரிய மரங்கள் வேறு. பட்டை மரம் அவற்றுக்குக் கீழே, இரண்டாம் தட்டில் வளர்வது. கன்றாக இருக்கும்போது நேர் வெயிலே பார்த்திருக்காது. கிளை நடுவே சல்லடையாக விழும் வெளிச்சம், காற்றில்லாத ஈரம், காலடியில் மக்கிய இலை. காலையில் இரண்டு மணி நேர வெயில், பிறகு சுவர் நிழல், துணி துவைத்த தண்ணீரின் ஈரம் என்று இருக்கும் நம் சந்து இந்த மரத்துக்குப் பழகிய சூழல். மற்ற செடிகள் முகம் சுளிக்கும் இடத்தில் இது நிம்மதியாக இருக்கும்.

மழைதான் குறை. பட்டை விளையும் ஊர்களில் வருடத்துக்கு 150 முதல் 250 சென்டிமீட்டர் பெய்யும். திருப்பதியில் சராசரியாக 100-ஐ ஒட்டித்தான். மீதியை நாம் ஊற்ற வேண்டும். சந்தில் இருக்கும் ஒற்றை மரத்துக்கு அது பெரிய காரியம் இல்லை.

எதற்காக வைப்பது

பட்டை உரிக்க வேண்டும் என்ற ஆசையில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு வீட்டுக்கு வருடம் முழுக்கத் தேவைப்படும் பட்டை மளிகைக் கடையில் சொற்பக் காசு. இதை அழகுக்கு வைக்க வேண்டும், கொழுந்துக்காக வைக்க வேண்டும்.

மழை ஒன்று பெய்து நாலு நாள் போனதும் மரத்தின் நுனிகளில் மொட்டு வெடிக்கும். வரும் இலை பச்சையாக வராது. முதலில் வெளிறிய ரோஜா நிறம், கை வைத்தால் ஈரப் பட்டுத் துணி மாதிரி வழவழப்பு. இலை நிமிர்ந்தும் நிற்காது, காம்பிலிருந்து துவண்டு தொங்கும். தண்ணீர் போதவில்லையோ என்று புதிதாக வளர்ப்பவர்கள் பயப்படும் அளவுக்குத் தொங்கும். அடுத்த சில நாட்களில் ரோஜா நிறம் செம்பு நிறமாகும், அப்புறம் மஞ்சள் கலந்த இளம்பச்சை, கடைசியில் எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை. நிறம் மாற மாற இலை விறைத்து நிமிரும். ஒரே கிளையில் இந்த எல்லா நிறமும் ஒன்றாக இருக்கும் ஒரு வாரம் உண்டு. வாசலில் நின்று "இது என்ன பூ?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். உண்மையான பூ வெளிறிய மஞ்சளில் பொடியாக இருக்கும், வாசனையும் சுமார்தான். யாரும் கவனிப்பதில்லை.

கொழுந்து ஏன் சிவப்பு என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். இலை மெத்தென்று இருக்கும் பருவத்தில்தான் பூச்சி அதிகம் கடிக்கும். அந்த நேரத்தில் பச்சையத்தில் முதலீடு செய்தால் மரத்துக்கு நஷ்டம். இலை தடித்துப் பாதுகாப்பான பிறகு பச்சையத்தை நிரப்பிக்கொள்ளலாம் என்று மரம் தள்ளிப்போடுகிறது. அதுவரை தெரிவது ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி. அது கடும் வெளிச்சத்திலிருந்து இளம் இலையைக் காக்கிறது என்பது இன்னொரு விளக்கம். மழைக்காட்டு மரங்கள் நிறைய இப்படிச் செய்கின்றன. நம்மூர் மாங்கொழுந்தும் இதே வித்தைதான். சித்தூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

சிவந்த கொழுந்துக்காக இப்போது எல்லா அப்பார்ட்மெண்ட் வாசலிலும் சைஜீஜியம் வைக்கிறார்கள். நல்ல செடி, ஆனால் அதற்கு முழு வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் பச்சையாகவே நிற்கும்.

நர்சரியில் கவனம்

திருப்பதி, சித்தூர் நர்சரிகளுக்குக் கன்று பெரும்பாலும் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருகிறது. அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர். நான் வழக்கமாகப் போகும் நர்சரியில் பையன் ஒரு கன்றைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இது பிரியாணி ஆக்கு. தால்சின செக்க வேணும்னா அது வேற, அந்தப் பக்கம்" என்றான். தெலுங்கில் ஆக்கு என்றால் இலை, தால்சின செக்க என்றால் பட்டை. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் அங்கேயும் இரண்டு வகை கலந்து கிடந்தது. பெயரை நம்பாமல் இலையைப் பாருங்கள்.

இலையைத் திருப்பிப் பிடித்தால் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் கிளம்பி, வில் மாதிரி வளைந்து நுனி வரை போக வேண்டும். நடுவில் ஒரே தண்டு, அதிலிருந்து பக்கவாட்டில் சின்ன நரம்புகள் என்றால் அது சர்வசுகந்தியாக இருக்கலாம். சர்வசுகந்தி நாவல் குடும்பத்தைச் சேர்ந்தது, இலையைக் கசக்கினால் அதிலும் கிராம்பு வாசனை வரும், அதனால்தான் குழப்பம். மேல்நாட்டு பே இலைக்கும் ஒரே நடுநரம்புதான். இமயமலை அடிவாரத்துப் பிரிஞ்சி மரத்துக்கு நம் பட்டை மரம் போலவே மூன்று நரம்பு உண்டு, இலை சற்று நீளமாக இருக்கும். அங்கே சந்தேகம் வந்தால் சின்னக் கிளையின் தோலை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். பட்டை மரம் என்றால் இனிப்பான, தெரிந்த வாசனை எழும்.

இந்த மரத்தில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வாசனைதான். இலை எண்ணெயில் யூஜெனால் அதிகம், அதனால் கிராம்பு வாசனை. பட்டையில் சின்னமால்டிஹைடு, அதுதான் நாம் அறிந்த பட்டை வாசனை. வேர்ப் பட்டையில் முக்கியமாக இருப்பது கற்பூரம். ஒரே மரம், மேலே ஒன்று, நடுவே ஒன்று, மண்ணுக்குள் ஒன்று.

பேர் சொல்லிக் கேட்க வேண்டுமென்றால், கோழிக்கோட்டு இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் நவஸ்ரீ, நித்யஸ்ரீ, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஏற்காட்டில் வெளியிட்ட ஒய்.சி.டி. 1 ஆகியவை தேர்ந்தெடுத்த ரகங்கள். விதை கிடைத்தால் தாமதிக்காதீர்கள். பழத்தின் சதையைக் கழுவிவிட்டு உடனே போட வேண்டும். காய வைத்து எடுத்து வைத்தால் முளைக்கும் திறன் சீக்கிரம் போய்விடும்.

நம்மூரில் வளர்ப்பது

நட வேண்டிய காலம் புரட்டாசி, ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை இரண்டு மாதம் நமக்காகத் தண்ணீர் ஊற்றிவிடும், அடுத்த கோடைக்குள் வேர் பிடித்துவிடும். சித்திரையில் வாங்கி வந்து நட்டால் கன்றுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

செம்மண்ணும் மக்கிய எருவும் கொஞ்சம் மணலும் போதும். திருப்பதியில் கட்டிய வீட்டுச் சந்தில் மண் என்பது பாதி சிமெண்ட் கழிவு, பாதி ஜல்லி. இரண்டடிக்குத் தோண்டி அதை அள்ளிப் போட்டுவிட்டு நல்ல மண் நிரப்புங்கள். சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் இந்த மரத்தின் இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் தவிப்பது. போர் தண்ணீரில் உப்பு அதிகமிருந்தால் இலை நுனி கருகும். கல்யாணி அணைத் தண்ணீர் குழாயில் வரும் தெருக்களில் இந்தப் பிரச்சினை குறைவு. மற்றவர்கள் மழைநீரைப் பிடித்து வையுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, அதை ஒரு பக்கெட்டில் சேர்த்து ஊற்றலாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும்.

தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். காய்ந்தாலும் பிடிக்காது. இரண்டுக்கும் மருந்து மூடாக்கு. காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சக்கை, எது கிடைக்கிறதோ அதை அடிமரத்தைத் தொடாமல் சுற்றிலும் ஒரு சாண் கனத்துக்குப் போட்டுவிட்டால் மழைக்காட்டுத் தரை தயார். ஏப்ரல், மே மாதங்களில் திருப்பதியில் 40 டிகிரி தாண்டும். மேற்குப் பார்த்த சந்தாக இருந்தால் முதல் இரண்டு கோடைக்குப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். அனல் காற்று நேராக வீசும் மொட்டை மாடி மூலை இதற்கு ஆகாது. மாடியில்தான் வைக்க வேண்டும் என்றால் பெரிய டிரம்மில், தண்ணீர்த் தொட்டியின் கிழக்கு நிழலில் வையுங்கள்.

விட்டால் இது முப்பது அடிக்கு மேல் போகும். விட வேண்டாம். தோட்டக்காரர்கள் இதை மரமாகவே வளர்ப்பதில்லை. தரையோடு வெட்டி, அடியிலிருந்து துளிர்க்கும் தண்டுகளைப் புதராக வைத்துக்கொள்வார்கள். வெட்டு வாங்குவது இதற்குப் பழக்கம். ஆள் உயரத்தில் கவாத்து செய்தால் சந்தை அடைக்காது, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் புதுக் கொழுந்து கூட்டமாக வரும்.

விருந்தாளிகள்

இலையில் ஓட்டை விழுந்தால் உடனே மருந்து தெளிக்காதீர்கள், முதலில் யார் கடிக்கிறார்கள் என்று பாருங்கள். கருத்த உடம்பு, முதுகிலும் பக்கத்திலும் மஞ்சள் திட்டு, நடுவே சிவப்புப் புள்ளிகள் என்று ஒரு புழு இருந்தால் அது காமன் மைம் பட்டாம்பூச்சியின் புழு. பட்டைத் தோட்டக்காரர்களுக்கு இது முக்கிய எதிரி, நாற்றங்காலில் இளம் இலையை மொட்டையடித்துவிடும். நமக்கு ஒரே மரம், பத்து இலை போனால் குடி முழுகாது. கூட்டுப்புழுவைத்தான் பார்க்க வேண்டும். ஒடிந்துபோன காய்ந்த குச்சியின் துண்டு போலவே இருக்கும், முறிந்த முனை வரை அப்படியே. தொட்டுப் பார்த்தால்கூடச் சந்தேகம் தீராது. வெளியே வரும் பட்டாம்பூச்சியும் வேஷக்காரன்தான். பறவைகள் தின்னாத கசப்புப் பட்டாம்பூச்சிகளின் தோற்றத்தில் உலாவும்.

கருநீலப் பழம் பழுத்தால் புல்புல் வரும். செஷல்ஸ் தீவுகளில் 18-ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் நட்ட பட்டை மரத்தைப் பறவைகள் காடெங்கும் பரப்பி, இன்று அது அங்கே ஆக்கிரமிப்பு மரம். ஆஸ்திரேலியாவில் கற்பூர மரத்துக்கும் அதே பெயர். நம் வறண்ட மலையடிவாரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் இது பிழைப்பது கடினம். தலக்கோனா போன்ற ஓடையோரப் பள்ளத்தாக்குகளுக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருப்பவர்கள் மட்டும் பழக் கொத்தை வெட்டிவிடுவது நல்லது.

மலைமேல் இருக்கும் உறவு

பட்டையும் கற்பூரமும் சேர்ந்த இந்த மரக் குடும்பம் நம் ஊருக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். திருமலையில் சுவாமியின் நெற்றியை மறைக்கும் பெரிய வெள்ளை நாமம் பச்சைக் கற்பூரத்தால் சாத்துவது. வெள்ளிக்கிழமை அபிஷேகத்தை ஒட்டித்தான் அது புதுப்பிக்கப்படும். மோவாயிலும் கற்பூரம் உண்டு, அதன் கதை ஒரு தோட்டத்துக் கதை. ராமானுஜர் புஷ்ப கைங்கரியத்துக்காக அனந்தாழ்வானை மலைக்கு அனுப்பினார். அனந்தாழ்வான் ஏரி வெட்ட, கர்ப்பிணியான மனைவி மண் சுமந்தார். ஒரு சிறுவன் வந்து கூடையை வாங்கிச் சுமந்து உதவினான். என் கைங்கரியத்தில் நீ ஏன் பங்குக்கு வருகிறாய் என்று கோபத்தில் அனந்தாழ்வான் கடப்பாரையை எறிய, சிறுவனின் மோவாயில் பட்டது. அப்புறம் சன்னதியில் பார்த்தால் சுவாமியின் மோவாயில் ரத்தம். அதை நிறுத்த வைத்ததுதான் பச்சைக் கற்பூரம் என்பது ஐதீகம். மகாத்வாரத்தில் நுழையும்போது மேலே பார்த்தால் அந்தக் கடப்பாரை தொங்குகிறது.

கற்பூரம் பழைய காலத்தில் இரண்டு வழியில் கிடைத்தது. ஒன்று போர்னியோ, சுமத்ரா காட்டின் வேறொரு குடும்பத்துப் பெருமரம். மற்றது சீனா, ஜப்பான், தைவான் பக்கத்துக் கற்பூர மரம், நம் சந்து மரத்தின் நேர் பங்காளி. அந்த மரத்தின் கட்டையையும் இலையையும் காய்ச்சி வடித்தால் கற்பூரம் படியும். இன்று கடையில் வாங்கும் சாதாரணக் கற்பூரம் பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. கற்பூர மரத்தை வீட்டில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், அது கோயில் மைதானத்துக்கான உருவம்.

சேஷாசலம் காட்டுக்குள்ளேயே இதன் சொந்தம் இருக்கிறது. தெலுங்கில் நரமாமிடி என்பார்கள், லிட்சியா குளுட்டினோசா. இதன் பட்டையைப் பொடித்துத் தண்ணீர் விட்டால் கொழகொழவென்று பசையாகும். ஊதுபத்தி மாவு குச்சியில் ஒட்டிக்கொள்வது இந்த ஜிகட் பொடியால்தான். ஊதுபத்திக்காகப் பட்டையைச் சுற்றிலும் உரித்து உரித்துப் பல காடுகளில் மரம் அருகிவிட்டது. வேலியில் மஞ்சள் நூல் பந்து போலப் படர்ந்து, இலையே இல்லாமல் மற்ற செடிகளை உறிஞ்சி வாழும் கொத்தான் கொடியும் இதே குடும்பம்தான். நம்ப முடியாதவர்கள் பூவைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம்.

முழு வெயில் இடம் வைத்திருப்பவர்களுக்கு நான் நரமாமிடியைத்தான் சொல்வேன். அது இந்த மண்ணின் வெயிலில் பிறந்தது. காமன் மைம் அதையும் தேடி வரும்.

பட்டையும் வேண்டும் என்பவர்களுக்கு

இரண்டு வருடத்துத் தண்டு, கட்டைவிரல் கனம், மேல்தோல் பழுப்பாக மாறியது, அதுதான் பக்குவம். நேரத்தை மரமே சொல்லும். சிவந்த கொழுந்து பச்சைக்கு மாறும் சமயம், மழை ஈரத்தில், பட்டை கழன்று வரும். தண்டை வெட்டி, மேல்தோலைச் சுரண்டிவிட்டு, பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இலங்கையில் இப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள். பிறகு நீளவாக்கில் இரண்டு கீறல் போட்டு, கத்தி முனையால் நெம்பினால் உள்பட்டை தகடாக வரும். நிழலில் காய வைத்தால் தானே சுருளும். மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த, முரட்டுப் பட்டை பெரும்பாலும் வியட்நாம், சீனா, இந்தோனேசியாவின் காசியா. இது அதைவிட மெல்லிசு, கையாலேயே நொறுங்கும், காரம் குறைவு, வாசனை நளினம்.

எங்கள் வீட்டில் பட்டையைவிட இலைதான் அதிகம் செலவாகிறது. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் இதன் காட்டு உறவான தெரளி இலையில் மாவைச் சுருட்டி ஆவியில் வேக வைப்பார்கள். நான் வெல்லமும் வாழைப்பழமும் பிசைந்த அரிசி மாவைப் பட்டை இலையில் பொதிந்து இட்லிக் குண்டானில் வைக்கிறேன். முதல் தடவை அத்தை ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுவிட்டு, "கிராம்பு போட்டியாம்மா?" என்றார்.

சந்துக்கு மரம் தேடுகிறவர்கள் நர்சரிக்குக் கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு வெயில் வருகிறது, எப்போது போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை வெயில் மட்டும் படும் இடம் பட்டை மரத்துக்கு. நாள் முழுக்கக் காயும் இடம் நரமாமிடிக்கு. மேற்கு வெயில் மட்டும் அடிக்கும் இடமாக இருந்தால் முதலில் நிழல்வலைக்குக் கம்பி நடுங்கள், மரத்தை அப்புறம் பார்க்கலாம். உங்கள் சந்தின் அகலத்தையும் திசையையும் கமெண்டில் எழுதினால், அதற்கு எது சரிப்படும் என்று சொல்கிறேன்.